கடைசிப் பெயர் கட்டாயம்

அப்பா இறந்து எட்டு வருடமாகிறது. இன்னமும் வாரத்துக்கு நாலு மின்னஞ்சலாவது அவர் பெயரைச் சொல்லி வருகிறது. "அன்புள்ள முத்துசாமி, உங்கள் இருக்கை உறுதியாகிவிட்டது." "வணக்கம் முத்துசாமி, உங்கள் சந்தா அடுத்த வாரம் முடிகிறது." எல்லாம் எனக்கு வருபவைதான். என் இனிஷியல் மு. ஒற்றை எழுத்தை ஏற்காத படிவங்களில் எல்லாம் பல வருடங்களுக்கு முன்பே அப்பாவின் பெயரை விரித்து எழுதிவிட்டேன், 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று சிவப்பில் காட்டி அடுத்த பக்கத்துக்கே போக விடவில்லை, வேறு என்ன செய்வது. அவர் போய் மூன்று மாதம்கூட ஆகாத சமயத்தில் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் "முத்துசாமி, முத்துசாமி" என்று கூப்பிட்டார்கள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. யாரோ வரப்போகிறார்கள் என்பது போல வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். படிவங்களில் பெயர் கேட்கும் இந்தப் பெட்டிகளை உருவாக்குகிற வேலையும் செய்திருக்கிறேன். அதனால் இணையத்தில் யார் எந்தப் பெயரில் இருக்கலாம் என்ற சண்டை எப்போது கிளம்பினாலும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படிப்பேன். மின்சாரக் கார் நல்லதா, ஹைட்ரஜன் கார் நல்லதா என்று இரவெல்லாம் மோதிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில்கூட ஐந்து வருடத்தில் சந்தை ஒரு பதிலைச் சொல்லிவிடும். பெயர் விஷயத்தில் யாரும் பதில் சொல்லப்போவதில்லை. பெயர் எப்படி இருக்க வேண்டும் என்ற விதியை எழுதி வைக்கிறவர் ஒரு அலுவலகத்தில், ஒரு மதிய நேரத்தில், தன் ஊர் வழக்கத்தை மனதில் வைத்து எழுதிவிடுகிறார். அதற்குப் பிறகு கோடிக்கணக்கானவர்கள் அந்தப் பெட்டிக்குள் தங்களை மடித்துத் திணித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய சண்டை 2011இல் நடந்தது. அந்த வருடம் ஜூன் 28 அன்று கூகுள் நிறுவனத்தின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் வந்தது. ஜூலையிலேயே கணக்குகளை முடக்க ஆரம்பித்தார்கள். அன்றாட வாழ்க்கையில் எந்தப் பெயரால் அறியப்படுகிறீர்களோ அதைத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பெயர் உண்மையா இல்லையா என்பதைத் தீர்மானித்தவர்கள் அந்த மனிதரை அறியாதவர்கள். பத்து வருடமாக ஒரு புனைபெயரில் எழுதி, அந்தப் பெயரிலேயே நண்பர்களும் வாசகர்களும் சம்பாதித்தவர்களின் கணக்குகள் போயின. ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் போனார்கள். அப்போது அந்த நிறுவனத்தின் செயல் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட், இது அடையாளச் சேவையாகக் கட்டப்பட்டது, உண்மைப் பெயரைத் தர விருப்பமில்லாதவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயமில்லை என்ற பொருளில் எடின்பரோவில் ஆகஸ்ட் மாதம் பேசினார். மூன்று வருடம் கழித்து, 2014 ஜூலையில், பெயர்க் கட்டுப்பாடுகளை எல்லாம் நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். அதற்குள் போகிறவர்கள் போய்விட்டார்கள். 2019 ஏப்ரல் 2 அன்று பொதுமக்களுக்கான சேவையே மூடப்பட்டது.

அதே 2011 நவம்பரில் சல்மான் ருஷ்டியின் ஃபேஸ்புக் கணக்கு முடங்கியது. நீங்கள்தான் அவர் என்று நிரூபியுங்கள் என்றார்கள். பாஸ்போர்ட் படத்தை அனுப்பினார். பாஸ்போர்ட்டில் முதல் பெயர் அஹமது. உடனே கணக்கை 'அஹமது ருஷ்டி' என்று மாற்றிவிட்டார்கள். உலகத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் ட்விட்டரில் கோபப்பட்டதும் சில மணி நேரத்தில் பெயர் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய எழுத்தாளர், ட்விட்டரில் கேட்க ஆள் இருந்தது. மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

எனக்கு யாரும் இல்லை. 2012இல் வேறொரு தளம் என் கணக்கை முடக்கியது. இனிஷியலைப் பெயர் என்று ஏற்க மாட்டோம், அடையாள அட்டை அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். அட்டையிலும் அதே ஒற்றை எழுத்துதான் இருந்தது, எங்கள் ஊரில் எல்லா அட்டையிலும் அப்படித்தானே இருக்கும். பெயர் முழுமையாக இல்லை என்று பதில் வந்தது. மூன்று முறை விளக்கி எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம் திரும்பி வந்தது. நாலாவது முறை 'முத்துசாமி' என்று போட்டேன், திறந்துவிட்டது. நான் உண்மையைச் சொன்னபோது பூட்டி வைத்திருந்தார்கள், யாரும் என்னை அழைக்காத ஒரு பெயரைச் சொன்னதும் திறந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது.

இந்த இனிஷியல் எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால் பெரும்பாலும் நாம் சுருக்கமாக 'எங்களுக்கு சர்நேம் கிடையாது' என்று முடித்துவிடுவோம். அதற்குள் ஒரு கதை இருக்கிறது. நம் தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்தில் பலருக்குப் பெயருக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அது சாதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரும் அவரோடு இருந்தவர்களும் தங்கள் பெயரிலிருந்து அதை வெட்டி எறிந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் அது பொது வழக்கமாகிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் ஒரு வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைப் படித்தால் யார் என்ன சாதி என்று பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. சாதி போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை, அது எங்கேயும் போகவில்லை. ஆனால் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் நம்மை எடை போட முடியாது என்பது ஒரு பெரிய விடுதலை. வட இந்தியாவில் வேலைக்குப் போன முதல் வாரம் "முழுப் பெயர் என்ன? அதற்குப் பிறகு?" என்று மூன்று பேர் கேட்டார்கள். அவர்கள் கேட்டது பெயரை அல்ல என்பது எனக்கு இரண்டாவது ஆளிடமே புரிந்துவிட்டது. அப்புறம் கணினித் திரையில் ஒரு பெட்டி அதே கேள்வியைச் சிவப்பு எழுத்தில் கேட்கும்போது, அதைச் செய்தவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது என்று நன்றாகத் தெரிந்தும், எனக்கு அந்த அலுவலக வராந்தாதான் ஞாபகம் வருகிறது.

அரசாங்கப் படிவங்களும் ஆளுக்கொரு மாதிரி. ஆதாரில் பெயருக்கு ஒரே பெட்டி, நிம்மதி. பான் விண்ணப்பத்தில் மூன்று பெட்டி, அதில் குடும்பப் பெயர் கட்டாயம், ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் அதைக் கொண்டுபோய் குடும்பப் பெயரில் போட வேண்டும். தனிநபர்களின் பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து என்பது பலருக்குத் தெரியாது. என்னுடையதில் அது அப்பாவின் எழுத்து. என் தம்பி படிவத்தை வேறு மாதிரி நிரப்பினான், அவனுடையதில் அவன் பெயரின் எழுத்தே இருக்கிறது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான குடும்பப் பெயர். ஆதார், பான் இரண்டு அட்டைகளையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொன்னபோது பெயர் பொருந்தவில்லை என்று எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது நம் எல்லோர் வீட்டுக்கும் தெரிந்த கதை.

எல்லை தாண்டினால் இன்னும் சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று போடுவார்கள், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் வருகிறவர்களை அனுமதிக்காது என்று அறிவிப்பு வந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தால் சரி என்று சில நாளில் விளக்கம் கொடுத்தார்கள், ஆனால் அந்தச் சில நாளில் துபாய்க்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் சித்தப்பா மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவரைப் பார்க்கப் போகத் தயாராக இருந்தாள், இரண்டு நாள் தூங்கவில்லை.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களுக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. அங்கே அப்பாவின் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனபோது அதிகாரிகளுக்கு ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது, பலருக்கு அப்பாவின் பெயரே அந்த இடத்தில் பதிவானது. தலைமுறைக்குத் தலைமுறை நகர வேண்டிய பெயர் அங்கேயே உறைந்துவிடுகிறது. கணவரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்ட பெண்ணை அலுவலகத்தில் 'திருமதி கந்தையா' என்று கூப்பிடுகிறார்கள். ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அது அவருடைய மாமியார்.

விஸ்வநாதன் ஆனந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அவருடைய அப்பா. உலகமே செல்லமாக 'விஷி' என்று கூப்பிடுவது அப்பாவின் பெயரைச் சுருக்கி. அவர் அதை ரொம்பப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார், இப்போது அதுவும் அவர் பெயர்தான். அப்படி ஏற்றுக்கொள்வது அவரவர் விருப்பம். அதை ஒரு நிரல் தீர்மானிக்கக் கூடாது.

சரி, எதிர்த்தரப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அவர்கள் சொல்வதில் நிஜமான வலி இருக்கிறது. ஃபேக் ஐடியில் ஒளிந்துகொண்டு பெண்களை அசிங்கமாகப் பேசுகிறான், சொந்தப் பெயரில் வந்தால் பேசுவானா என்பது அவர்களின் கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். தென் கொரியா இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. 2007இல் நாளுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் வரும் தளங்களில் எழுத வேண்டுமானால் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்து அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள், 2009இல் வரம்பை 1 லட்சமாகக் குறைத்தார்கள். யூடியூப் அந்தச் சட்டத்துக்கு உட்படுவதற்குப் பதிலாகக் கொரியப் பக்கத்தில் காணொளி ஏற்றுவதையே நிறுத்திவிட்டது. 2011 ஜூலையில் அங்கே இரண்டு பெரிய தளங்களை உடைத்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களைத் திருடினார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே அப்போது 5 கோடிதான். 2012 ஆகஸ்ட் 23 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கெட்ட பேச்சு குறிப்பிடும்படி குறையவில்லை, ஜனங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள், பேச்சுரிமை மட்டும் சுருங்கியது என்று தீர்ப்பில் சொன்னார்கள். வசவைக் குறைக்க வாங்கிய விவரம் திருடர் கையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு மிகவும் உறைத்த பாடம்.

2010இல் பிளிஸார்ட் என்ற விளையாட்டு நிறுவனமும் தன் இணைய விவாத மன்றங்களில் எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று ஜூலை 6 அன்று அறிவித்தது. இதில் ஒரு ஆபத்தும் இல்லை என்று காட்ட அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் தன் பெயரை வெளியிட்டார். சிறிது நேரத்தில் அவருடைய சொந்த விவரங்களைத் தேடியெடுத்து இணையத்தில் பரப்பிவிட்டார்கள். மூன்றே நாளில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நம் ஊரில் பாருங்கள். என் கண்ணில் பட்ட மிக மோசமான வசவுகள் எல்லாம் சொந்தப் பெயர், சொந்தப் படம், பிள்ளையோடு எடுத்த குடும்பப் படம் வைத்த கணக்குகளிலிருந்துதான் வந்திருக்கின்றன. அவர்களுக்குப் பயம் இல்லை, பயப்பட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வரவில்லை. பயந்து பெயரை மறைப்பவர் வேறு. கணவன் அடிக்கிறான் என்று எழுதுகிற பெண், ஊரில் நடந்த தீண்டாமையைச் சொல்கிற பையன், வேலை செய்யும் இடத்தில் நடக்கும் திருட்டைச் சொல்கிறவர். எனக்குத் தெரிந்த ஒரு தோழி ஆறு வருடம் ஒரு பூவின் பெயரில் எழுதினாள், அவளுடைய வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பூவின் பெயரில்தான் அவள் பொய்யே சொல்லாமல் பேசினாள். கணக்கு முடங்கியபோது அடையாள அட்டை கேட்டார்கள். அவள் அனுப்பவில்லை. அந்த ஆறு வருடத்து எழுத்தும் போனது.

புனைபெயர் நமக்கு அந்நியமான விஷயமா என்ன? சுஜாதா என்பது மனைவியின் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். ரங்கராஜன் என்ற சொந்தப் பெயரில் எழுதினால் அதே பத்திரிகையில் ஏற்கெனவே இருந்த இன்னொரு ரங்கராஜனோடு குழப்பம் வரும் என்பதால் அது வந்தது. அதாவது ஆள் யார் என்று குழப்பியது சொந்தப் பெயர், தெளிவாக்கியது புனைபெயர். தமிழ் எழுத்துலகில் 'உன் சர்டிஃபிகேட் பெயரைக் காட்டு' என்று யாரும் கேட்டதில்லை, எழுத்துக்குப் பொறுப்பேற்றால் போதும் என்று இருந்தது. வங்கியில் கணக்குத் தொடங்கும்போது ஆவணப் பெயரைக் கேட்கட்டும், அங்கே காரணம் இருக்கிறது. புகைப்படம் பகிரவும் சமையல் குறிப்பு போடவும் எதற்கு? 2021 பிப்ரவரியில் வந்த நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளும் பெரிய சமூக வலைத்தளங்கள் விரும்புகிறவர்களுக்குச் சரிபார்ப்பு வசதி தர வேண்டும் என்றுதான் சொல்கின்றன. விரும்புகிறவர்களுக்கு என்ற அந்த ஒரு சொல் அப்படியே நீடிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதை எடுத்துவிட வேண்டும் என்ற குரல் அடிக்கடி கேட்கிறது.

இனி என் வேலைக்கு வருகிறேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு சேவைக்குப் பதிவுப் பக்கம் செய்தோம். இந்த முறை விடக் கூடாது என்று முடிவு செய்து 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி போதும் என்றேன். உலக வலைத்தளத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் குழுவும் அதையே பரிந்துரைக்கின்றன என்று காட்டினேன். "அப்புறம் மின்னஞ்சலில் எப்படிக் கூப்பிடுவது?" என்றார் மேலாளர். 'உங்களை எப்படி அழைக்கட்டும்' என்று கேட்டால் போயிற்று என்றேன். இரண்டு வாரம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

வெளியிடும் நாளுக்கு முந்தின இரவு அம்மாவின் பெயரைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். முருகம்மாள். 'எழுத்துகள் மட்டுமே அனுமதி' என்று சிவப்பில் வந்தது. அசந்துபோனேன். பிரச்சினை எங்கே என்று தேடினால், பெயரைச் சோதிக்கும் விதியில் 'யூனிகோடில் எழுத்து வகையைச் சேர்ந்தவை மட்டும்' என்று எழுதியிருந்தது. யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுத்து வகை பிரிக்கும் தரம். எழுதியவர் ஆங்கிலத்தைத் தாண்டி எல்லா மொழியையும் ஏற்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் அதை எழுதியிருக்கிறார். ஆனால் யூனிகோடில் க, ம, ர எல்லாம் எழுத்து. உகரக் குறி, துணைக்கால், புள்ளி எல்லாம் 'குறி' என்ற வேறு வகை. முருகம்மாள் நமக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பதினொன்று, ஆறு எழுத்தும் ஐந்து குறியும். அந்த ஐந்தையும் உருவிவிட்டால் என்ன மிஞ்சும் என்று எழுதிப் பார்த்தேன்: மரகமமள. புள்ளியும் உகரக் குறியும் காலும் இல்லாமல் என் அம்மா திரையில் அப்படி இருந்தாள்.

குறி வகையையும் சேர்க்க ஒரு வரியில் பத்து எழுத்துகூடத் தேவைப்படவில்லை. இரவு பதினொன்றரைக்கு மாற்றி, திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் பக்கத்தில் படத்துக்குப் பதிலாக வரும் வட்டத்தில் முதல் எழுத்து 'மு' என்று வராமல் 'ம' என்று வந்தது, அதையும் சரி செய்துவிட்டுத்தான் படுத்தேன். மறுநாள் அம்மாவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "என் பேரு மட்டும்தான் இருக்கு, நல்லா இருக்குப்பா" என்றாள். பள்ளியில் கையெழுத்துப் போடும்போது அவள் அப்பா பெயரின் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பாவுடையது, அவள் பெயர் தனியாக இருந்து அவளே பார்த்தது அதுதான் முதல் முறையாம்.

இப்போது மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பள்ளியில் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போகிறார்கள். விண்ணப்பத்தில் குடும்பப் பெயரைக் காலியாக விடலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் சித்தப்பா மகளின் அந்த இரண்டு இரவும் எனக்கு மறக்கவில்லை. என் பெயரைப் போட்டால் வாழ்நாள் முழுக்க யாரோ ஒரு ஊழியர் அவளை என் பெயரால் கூப்பிடுவார். மனைவி, "என் பெயரைப் போட்டால் என்ன?" என்று கேட்கிறாள், நியாயமான கேள்வி. மூன்று நாளாக விண்ணப்பம் பாதியில் சேமித்தபடி கிடக்கிறது. ஒரு பெட்டியில் யாழினி என்று இருக்கிறது, அடுத்தது காலி. சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி இல்லை, பக்கத்தில் உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லி, அவளையே கேட்டு நிரப்பலாம் என்று இருக்கிறோம்.